சாட்சிக் கூண்டில் ஏறும்போது

(தோட்டத்துச் சமூக மண்டபத்தில், மாதர் சங்கத்தாரும் இளைஞர்களும் கூடிய ஞாயிற்றுக்கிழமைக் கூட்டத்தில் நலன்புரி உத்தியோகத்தர் பேசிய பேச்சு)



போன மாதம் ஒரு அக்கா நம்ம ஆபீசுக்கு வந்தார். சேலை முந்தானையில் முடிந்து வைத்திருந்த ஒரு கடதாசியை எடுத்துக் கொடுத்தார். அது கோட்டிலிருந்து வந்த அழைப்பாணை. சமன்ஸ் என்று நாம் சொல்லுகிறோமே, அதுதான். சாட்சி சொல்ல வரச்சொல்லி வந்திருந்தது. "ஐயா, நான் ஒரு குத்தமும் செய்யலையே, என்னைய ஏன் கோட்டுக்குக் கூப்பிடுறாங்க? மூணு நாளா சோறு எறங்கல, தூக்கம் இல்ல" என்று அழுதார். அவர் செய்த "குத்தம்" ஒன்றே ஒன்றுதான். நடந்த ஒரு காரியத்தைக் கண்ணால் கண்டார். அவ்வளவுதான்.

அன்றைக்கே இதைப் பற்றி எல்லாரிடமும் பேச வேண்டும் என்று நினைத்தோம். இன்றைக்கு அவர் முறை. நாளைக்கு உங்களில் யாருக்கு வரும் என்று சொல்ல முடியாது. ரோட்டில் ஒரு விபத்து, லயத்தில் ஒரு அடிபிடி, ஒரு களவு, ஒரு பிள்ளைக்கு நடந்த கொடுமை, வேலை நிறுத்தப்பட்டவர் தொழில் நியாய சபையில் போட்ட வழக்கு, எதற்கும் சாட்சி தேவைப்படும்.

பயம் எங்கிருந்து வந்தது?

முதலில் ஒன்று சொல்லுகிறோம். பயப்படுவது வெட்கமில்லை. படித்தவனுக்கும் பயம் வரும். பெரிய உத்தியோகத்தில் இருப்பவருக்கும் கூண்டில் ஏறினால் வாய் காய்ந்து போகும். நாங்களும் ஒரு தடவை சாட்சியாக ஏறியிருக்கிறோம். முதல் கேள்வி எங்கள் பெயர் என்ன என்பதுதான். அதற்கே நாக்கு ஒட்டிக்கொண்டது.

ஆனால் நம்ம தோட்டத்து ஆட்களுக்குக் கோடு என்றால் கொஞ்சம் கூடவே பயம். அதற்கு ஒரு காரணம் இருக்கிறது. நம்முடைய பாட்டன் பூட்டன் காலத்தில் கோடு என்பது தொழிலாளியைத் தண்டிக்கிற இடமாகத்தான் இருந்தது. 1865ஆம் ஆண்டின் 11ஆம் இலக்கச் சட்டம் என்று ஒன்று இருந்தது. அந்தச் சட்டத்தின்படி முன்னறிவித்தல் கொடுக்காமல் வேலையை விட்டுப் போன தொழிலாளியைப் பிடித்துக் கோட்டில் நிறுத்தி மறியலுக்கு அனுப்பலாம். கடன் கணக்கு எழுதிய துண்டு இல்லாமல் வேறு தோட்டத்தில் பேர் பதியவும் முடியாது. துண்டு முறையும், வேலையை விட்டவரை மறியலில் போடுகிற முறையும் 1920களின் தொடக்கத்தில்தான் ஒழிந்தன. சட்டம் போய் நூறு வருடம் ஆகிறது. பயம் மட்டும் பேரன் பேத்தி வரைக்கும் வந்து நிற்கிறது. "கோட்டுப் பக்கம் போயிடாதே" என்று ஆத்தாமார் சொல்லிச் சொல்லி வளர்த்தார்கள்.

ஆகவே இதை மனதில் வையுங்கள். சாட்சி என்பவர் குற்றவாளி இல்லை. யாரும் அவரைப் பிடித்து வைக்கப் போவதில்லை. நீதவானுக்கு நடந்தது தெரியாது. அவர் அந்த இடத்தில் இருக்கவில்லை. நீங்கள் இருந்தீர்கள். தெரியாத ஒருவருக்குத் தெரிந்ததைச் சொல்லப் போகிறீர்கள். இவ்வளவுதான் காரியம்.

சாட்சி சொல்லாத ஒரு லயம்

"எங்களுக்கு ஏன் வம்பு" என்று விடுவதால் என்ன நடக்கும் என்பதற்கு ஒரு காரியம் சொல்லுகிறோம். எந்தத் தோட்டம், யார் என்று கேட்க வேண்டாம்.

ஒரு லயத்தில் ஒரு பெண்ணைப் புருஷன் குடித்துவிட்டு அடிப்பது வழக்கம். லயத்துச் சுவர் எப்படி என்று உங்களுக்குத் தெரியும். ஒரு காம்பராவில் தும்மினால் நாலாம் காம்பராவில் கேட்கும். அத்தனை பேருக்கும் தெரியும். ஒரு நாள் அவருடைய கை முறிந்தது. ஆஸ்பத்திரியில் விசாரித்து, பொலிசுக்குப் போய், வழக்கும் வந்தது. பக்கத்து வீட்டார் இரண்டு பேருக்கு சமன்ஸ் வந்தது. ஒருவர் காய்ச்சல் என்றார். மற்றவர் "நான் அன்னைக்குத் தூங்கிட்டேன், ஒண்ணும் கேக்கல" என்றார். அந்தப் பெண் தனியாக நின்றார். "நானே படியில் விழுந்தேன்" என்று கடைசியில் அவரே சொல்லிவிட்டார். வேறு என்ன செய்வார்? திரும்ப அதே காம்பராவுக்குத்தானே போக வேண்டும்.

பிறகு அவர் பிள்ளைகளைத் தாயிடம் விட்டுவிட்டு வெளிநாட்டுக்கு வீட்டு வேலைக்குப் போய்விட்டார். பக்கத்து வீட்டு அம்மா இன்றைக்கும் எங்களைக் கண்டால் அதைத்தான் பேசுவார். "அன்னைக்கு நான் போயிருக்கலாங்க" என்பார். கூண்டில் நிற்கிற பயம் அரை மணித்தியாலம். இந்தப் பேச்சு அவரை விட்டு இன்னும் போகவில்லை.

குடும்ப வன்முறைத் தடுப்புச் சட்டம் 2005ஆம் ஆண்டின் 34ஆம் இலக்கச் சட்டம். அதன்படி அடிபடுகிறவர் நீதவான் நீதிமன்றத்தில் பாதுகாப்புக் கட்டளை கேட்கலாம். சட்டம் இருக்கிறது. ஆனால் சட்டத்துக்கு வாய் இல்லை. சாட்சிதான் அதற்கு வாய்.

கோட்டுக்குள்ளே எப்படி இருக்கும்?

தெரியாத இடம் என்பதால்தான் பாதிப் பயம். முடிந்தால் உங்கள் தவணைக்கு முன்னால் ஒரு நாள் போய்ப் பின் வாங்கில் உட்கார்ந்து பாருங்கள். பெரும்பாலான வழக்குகள் திறந்த மன்றத்தில்தான் நடக்கின்றன. யாரும் போய்க் கேட்கலாம். போக வசதி இல்லாதவர்களுக்காக இங்கேயே சொல்லுகிறோம்.

உயரமான இடத்தில் நீதவான் இருப்பார். அவர் உள்ளே வரும்போதும் எழுந்து போகும்போதும் எல்லாரும் எழும்ப வேண்டும். அவருக்குக் கீழே, அவர் சொல்வதையும் நீங்கள் சொல்வதையும் பதிவு செய்கிறவர்கள் இருப்பார்கள். மேசையைச் சுற்றிக் கறுப்புக் கோட்டுப் போட்ட சட்டத்தரணிமார். நம்ம பெரியவர்கள் பிரக்கிராசிமார் என்பார்கள். நீதவான் நீதிமன்றத்தில் பல வழக்குகளைப் பொலிஸ் தரப்பில் ஒரு பொலிஸ் உத்தியோகத்தரே நடத்துவார். மேல் நீதிமன்றமாக இருந்தால் அரச சட்டத்தரணி வருவார். ஒரு பக்கம் எதிரி நிற்கிற கூண்டு. இன்னொரு பக்கம் சாட்சிக் கூண்டு. இரண்டும் வேறு வேறு. பார்வைக்கு ஒரே மாதிரி இருப்பதால்தான் நம்ம ஆட்கள் தாங்களும் குற்றவாளி மாதிரி நினைத்துக்கொள்கிறார்கள்.

உங்கள் பெயரைச் சத்தமாகக் கூப்பிடுவார்கள். கூப்பிடும் வரை சாட்சிகள் வெளியில் இருக்க வேண்டும். மற்றச் சாட்சி சொல்வதைக் கேட்டுவிட்டு நீங்களும் அதையே சொல்லக் கூடாது என்பதற்காக அந்த ஏற்பாடு. உங்களை விரட்டுகிறார்கள் என்று நினைக்க வேண்டாம்.

கூண்டில் ஏறியதும் உண்மை சொல்வதாகச் சொல்ல வேண்டும். இந்துக்களும் பௌத்தர்களும் முஸ்லிம்களும் உறுதிமொழி எடுப்பார்கள். கிறிஸ்தவர்கள் வேதப்புத்தகத்தின் மேல் சத்தியம் செய்வார்கள். இரண்டுக்கும் ஒரே பெறுமதிதான். அதற்குப் பிறகு தெரிந்தே பொய் சொன்னால் அது ஒரு குற்றம்.

நீதவானை "ஐயா", "அம்மா" என்று சொன்னால் போதும். சிங்களத்தில் "சுவாமினி" என்று சொல்லுவதைக் கேட்பீர்கள். அது அவர்கள் மரியாதை. உங்களுக்கு வராததை வரவழைக்க வேண்டாம்.

பாஷைப் பிரச்சினை

நம்ம ஆட்களுக்கு இது பெரிய கவலை. மலைநாட்டுக் கோடுகளில் அநேகமாகச் சிங்களத்தில்தான் வழக்கு நடக்கும், சிங்களத்தில்தான் பதிவாகும். அதற்காகத்தான் மொழிபெயர்ப்பாளர் இருக்கிறார். முதலியார் என்று கூப்பிடுவார்கள். சிங்களமும் தமிழும் நாட்டில் நீதிமன்ற மொழிகள் என்று அரசியலமைப்பிலேயே இருக்கிறது. ஆகவே "தமிழில் சொல்லுகிறேன்" என்று கேட்பதற்குக் கூச்சம் வேண்டாம்.

இங்கே ஒரு முக்கியமான விஷயம். நம்மில் பலருக்குக் கடைச் சிங்களம் தெரியும். கேள்வி பாதி விளங்கும். விளங்கிய உடனே சிங்களத்திலேயே பதில் சொல்லப் பார்ப்போம். அப்படிச் செய்ய வேண்டாம். கடையில் அரிசி வாங்குகிற சிங்களம் வேறு, கோட்டுச் சிங்களம் வேறு. முதலியார் தமிழில் கேட்கும் வரை பொறுங்கள். அந்த இடைவெளி உங்களுக்கு யோசிக்கவும் நேரம் கொடுக்கும். கொஞ்சம் கொஞ்சமாகச் சொல்லுங்கள். இரண்டு வசனம் சொல்லி நிறுத்துங்கள். அவர் சொல்லி முடிக்கட்டும். அவர் மாற்றிச் சொல்லிவிட்டார் என்று தெரிந்தால், "ஐயா, நான் சொன்னது அப்படி இல்லை" என்று நீதவானைப் பார்த்துச் சொல்லுங்கள். அது மரியாதைக் குறைவு இல்லை.

பொலிசில் வாக்குமூலம் கொடுக்கும்போதும் இதே கவனம் வேண்டும். எழுதியதை உங்களுக்கு வாசித்துக் காட்ட வேண்டும். எழுதிய பாஷை உங்களுக்குத் தெரியாவிட்டால் விளங்குகிற பாஷையில் விளக்க வேண்டும். பிழை இருந்தால் திருத்தவோ கூட்டிச் சொல்லவோ உங்களுக்கு உரிமை உண்டு. அதற்குப் பிறகுதான் கையெழுத்து. "எங்க போடணும் சேர்?" என்று கேட்டுப் போட்டுவிட்டு வந்துவிடுகிறோம். பிறகு ஒரு வருடம் கழித்துக் கூண்டில் நிற்கும்போதுதான், நாம் சொல்லாதது அங்கே எழுதியிருப்பது தெரியவரும்.

நாங்கள் செய்த பிழை

இப்போது எங்கள் பிழை ஒன்றைச் சொல்லுகிறோம். மறைத்து என்ன பயன்?

சில வருடங்களுக்கு முன் தோட்டத்துக்குக் கீழே உள்ள ரோட்டில் ஒரு வேன் பள்ளிக்கூடப் பிள்ளை ஒன்றை அடித்துவிட்டது. பிள்ளையின் கால் போய்விட்டது. மேலே மலையில் கொழுந்து எடுத்துக்கொண்டிருந்த ஒரு அக்காதான் அதை முழுதாகக் கண்டவர். வேன் வளைவில் பஸ்சை முந்தப் பார்த்தது என்று அவர் ஒருவர்தான் சொல்ல முடியும். பிள்ளைதான் குறுக்கே ஓடியது என்று மற்றப் பக்கம் சொன்னார்கள்.

அந்த அக்காவுக்கு ஒரே நடுக்கம். நாங்கள் உதவி செய்கிறோம் என்று நினைத்து அவரை ஆபீசில் உட்கார வைத்து, ஒவ்வொன்றாகச் சொல்லிக் கொடுத்தோம். "எத்தனை மணி என்று கேட்டால் சரியாகப் பதினொன்றரை என்று சொல்லுங்க. எவ்வளவு தூரம் என்று கேட்டால் ஐம்பது யார் என்று சொல்லுங்க." அவரும் பிள்ளைகள் வாய்ப்பாடு பாடமாக்குவது மாதிரி பாடமாக்கினார்.

கோட்டில் குறுக்கு விசாரணை வந்தது. எதிர்ப்பக்கச் சட்டத்தரணி மிகவும் சாந்தமாகக் கேட்டார்.

"மணிக்கூடு கட்டுவீங்களா?"

"இல்லீங்க."

"மலையில் மணிக்கூடு இருக்கா?"

"இல்லீங்க."

"அப்ப பதினொன்றரை என்று யார் சொன்னது?"

அக்கா கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு உண்மையைச் சொன்னார். "வெல்பெயார் ஐயாதாங்க சொன்னாங்க."

கோடு முழுக்கச் சிரித்தது. நாங்கள் பின்னால் இருந்தோம். நிலம் பிளந்தால் உள்ளே போயிருப்போம். நம்மால் அந்தப் பிள்ளையின் வழக்கே போய்விட்டது என்று நினைத்தோம்.

அப்போது நீதவானே ஒரு கேள்வி கேட்டார். "அம்மா, மலையில் உங்களுக்கு நேரம் எப்படித் தெரியும்?" அக்காவின் முகம் மாறியது. அது அவருக்குத் தெரிந்த விஷயம். "பகல் கொழுந்து நிறுக்க இன்னும் கங்காணி கூப்பிடலீங்க. கூடை கழுத்து வரைக்கும் நெறஞ்சிருந்துச்சு. நான் நின்ன எடத்துல இருந்து ரோட்டுக்கு நாலு வரிச தேயிலதாங்க. வேன் பஸ்சுக்கு வலப்பக்கமா வந்துச்சு. பிள்ள ஓரமாத்தான் நின்னுச்சு, பையி தோள்ல இருந்துச்சு" என்று மளமளவென்று சொன்னார். முதலியார் இரண்டு தடவை நிறுத்தச் சொல்ல வேண்டியிருந்தது. அதற்குப் பிறகு சட்டத்தரணி எத்தனை விதமாகக் கேட்டும் அந்த நாலு வரிசைத் தேயிலை அசையவில்லை. ஏனென்றால் அது அவர் கண்டது.

வழக்கு இன்னும் சில தவணை போய், சாரதி குற்றவாளி என்று தீர்ப்பு வந்தது. பிள்ளைக்குக் கால் திரும்பி வரவில்லை. ஆனால் அதன் தாய், "என் புள்ள மேல குத்தம் இல்லன்னு ஒரு ஆளாவது எல்லாருக்கும் முன்னால சொல்லுச்சே" என்று சொன்னார்.

அன்றிலிருந்து நாங்கள் யாருக்கும் பதில் சொல்லிக் கொடுப்பதில்லை. நீங்களும் யாரிடமும் கேட்டுப் பாடமாக்க வேண்டாம். பாடமாக்கினால் ஒரு சொல் மறந்ததும் எல்லாம் மறந்து போகும். கண்டதைக் கண்ட மாதிரிச் சொன்னால் மறக்க ஒன்றுமில்லை. மணி தெரியாவிட்டால் "கொழுந்து நிறுக்கிற நேரம்", "பிரட்டு முடிந்த பிறகு", "பிள்ளைகள் பள்ளிக்கூடம் விட்டு வரும் நேரம்" என்று சொல்லுங்கள். தூரம் தெரியாவிட்டால் "இங்கிருந்து அந்தக் கதவு வரை" என்று காட்டுங்கள்.

கேள்விக்குப் பதில் சொல்லும் முறை

முதலில் உங்களைக் கூப்பிட்ட பக்கம் கேட்பார்கள். பிறகு எதிர்ப்பக்கம் குறுக்கு விசாரணை செய்வார்கள். தேவையானால் முதல் பக்கம் திரும்பவும் சில கேள்வி கேட்பார்கள். இந்த ஒழுங்கு 1895ஆம் ஆண்டின் 14ஆம் இலக்கச் சாட்சிக் கட்டளைச் சட்டத்தில் உள்ளது. அன்றிலிருந்து இன்று வரை இதுதான்.

குறுக்கு விசாரணையில்தான் நம்ம ஆட்கள் உடைந்து போகிறார்கள். "நீங்கள் சொல்வது பொய் என்று நான் சொல்லுகிறேன்" என்று சட்டத்தரணி சொல்வார். நமக்கு ரோஷம் வரும், இல்லாவிட்டால் அழுகை வரும். அவருக்கு உங்களோடு பகை இல்லை. தன்னுடைய கட்சிக்காரர் சொல்வதை உங்கள் முன்னால் வைத்துக் கேட்பது அவருடைய வேலை. நீங்கள் கொழுந்து எடுப்பது மாதிரி அவர் கேள்வி கேட்கிறார். "இல்லை ஐயா, நான் சொன்னது உண்மை" என்று ஒரு தடவை சொன்னால் போதும். சண்டை பிடிக்க வேண்டாம்.

மூன்று சொல்லை மறக்க வேண்டாம். "விளங்கவில்லை." "தெரியாது." "ஞாபகம் இல்லை." உண்மையாகவே விளங்காவிட்டால், தெரியாவிட்டால், ஞாபகம் இல்லாவிட்டால் இவை நல்ல பதில்கள். வெட்கத்தில் எதையாவது சொல்வதுதான் ஆபத்து. பயத்தில் எல்லாவற்றுக்கும் "ஆமாங்க, ஆமாங்க" என்று தலையாட்டுகிற பழக்கம் நமக்கு உண்டு. துரைக்கும் கணக்கப்பிள்ளைக்கும் தலையாட்டிப் பழகிய தலை. கூண்டில் அது உதவாது. தலையாட்டுவதைப் பதிவு செய்யவும் முடியாது. வாயால் சொல்லுங்கள். கேட்டதற்கு மட்டும் சொல்லுங்கள். ஊர்க் கதை வேண்டாம்.

பொலிசில் சொன்னதற்கும் இப்போது சொல்வதற்கும் சின்ன வித்தியாசம் காட்டுவார்கள். "அன்றைக்கு இதைச் சொல்லவில்லையே?" என்பார்கள். கேட்கவில்லை என்றால் கேட்கவில்லை என்று சொல்லுங்கள். மறந்திருந்தால் மறந்தேன் என்று சொல்லுங்கள். ஒன்றை மறைக்க இன்னொன்று சொன்னால்தான் சிக்கல்.

பெண்களிடம் அசிங்கமான கேள்வி கேட்பார்களோ என்று பயப்படுகிறீர்கள். வழக்குக்குத் தேவையில்லாத அசிங்கமான கேள்வியையும், அவமானப்படுத்தவே கேட்கிற கேள்வியையும் நிறுத்த நீதவானுக்கு அதிகாரம் உண்டு. அதுவும் அதே சட்டத்தில் இருக்கிறது. அப்படி வந்தால் பேசாமல் நீதவானைப் பாருங்கள்.

இன்னொன்று. "நான் ஒருத்திதானே கண்டேன், ஒரு ஆள் சொல்லி எடுபடுமா?" என்று கேட்கிறார்கள். ஒரு விஷயத்தை நிரூபிக்க இத்தனை சாட்சி வேண்டும் என்று கணக்கு இல்லை. நம்பத்தக்க ஒரு சாட்சி போதும்.

உடம்பு நடுங்கினால்

இனி, நடுக்கத்துக்கு என்ன செய்வது? நாங்கள் டாக்டர் இல்லை. கூடப் போய்க் கூடப் போய்க் கண்டதைச் சொல்லுகிறோம்.

முதல் நாள் இரவே உடுப்பு, அடையாள அட்டை, சமன்ஸ், பஸ் காசு எல்லாம் எடுத்து வையுங்கள். விடியற்காலை தேடினால் நடுக்கம் கூடும். புதுச் சேலை வேண்டாம். துவைத்த சேலை போதும். காலையில் ரொட்டித் துண்டாவது சாப்பிட்டுப் போங்கள். வெறும் வயிற்றில் நின்று மயங்கி விழுந்தவர்கள் உண்டு. நேரத்தோடு போய்ச் சேருங்கள்.

ஆண்களுக்கு ஒன்று. தைரியத்துக்கு என்று கால் போத்தல் போட்டுவிட்டுப் போகாதீர்கள். வாடையில் தெரிந்துவிடும். நீங்கள் சொல்வது உண்மையாக இருந்தாலும் யாரும் நம்ப மாட்டார்கள். வெற்றிலையும் வேண்டாம். கையில் போன் இருந்தால் உள்ளே போகுமுன் அணைத்துவிடுங்கள்.

வெளியில் காத்திருக்கும்போதுதான் மனம் ஓடும். தனியாகப் போகாதீர்கள். ஒருவரைக் கூட்டிப் போங்கள். வழக்கைப் பற்றிப் பேச வேண்டாம். வீட்டுக் கதை, மழைக் கதை பேசுங்கள். மூச்சை மெதுவாக உள்ளே எடுத்து, அதைவிட மெதுவாக வெளியே விடுங்கள். மேடு ஏறி வந்து கூடையை இறக்கி வைத்துவிட்டு விடுகிறோமே ஒரு பெருமூச்சு, அந்த மாதிரி. பத்துத் தடவை செய்தால் நெஞ்சு படபடப்புக் குறையும்.

கூண்டில் ஏறியதும் முன்னால் உள்ள மரச்சட்டத்தைக் கையால் பிடித்துக்கொள்ளுங்கள். இரண்டு பாதமும் நன்றாக நிலத்தில் பதியட்டும். எதிரியையோ அவர் சொந்தக்காரரையோ பார்க்க வேண்டியதில்லை. கேட்கிறவரையும் நீதவானையும் பாருங்கள். தண்ணீர் வேண்டும் என்றால் கேளுங்கள். தலை சுற்றினால், வயசாளியாக இருந்தால், கர்ப்பிணியாக இருந்தால் "உட்கார்ந்து சொல்லலாமா ஐயா" என்று கேளுங்கள். அழுகை வந்தால் அழுதுவிட்டுச் சொல்லுங்கள். அழுததற்காக யாரும் பொய் என்று சொல்ல மாட்டார்கள்.

ஒத்தி வைப்பதற்கும் மனதைத் தயார் செய்யுங்கள். நாலு மணிக்கு எழும்பி, இரண்டு பஸ் மாறிப் போனால் "அடுத்த தவணை" என்று சொல்லிவிடுவார்கள். எரிச்சல் வரும், எங்களுக்கும் வந்திருக்கிறது. ஆனால் அடுத்த தவணைத் திகதியை அந்த இடத்திலேயே கேட்டு எழுதி வந்து கலண்டரில் வட்டம் போடுங்கள். போகாமல் விட்டால் பிடியாணை வரலாம். ஒருநாள் பேர் போகுமே என்று கவலைப்படுகிறீர்கள், அது நியாயமான கவலை. சமன்ஸ் வந்த உடனே தோட்டத்து ஆபீசில் காட்டி லீவு விஷயத்தைப் பேசுங்கள். சாட்சிகளுக்குப் பயணச் செலவு உண்டா என்று நீதிமன்றப் பதிவாளர் காரியாலயத்தில் கேளுங்கள். கேட்காமல் யாரும் கூப்பிட்டுத் தரமாட்டார்கள்.

மிரட்டினால்

சில இடத்தில் வேறு பயம். எதிரியின் ஆட்கள் பக்கத்து லயத்திலேயே இருப்பார்கள். ஒரே பீலியில் தண்ணீர் பிடிக்க வேண்டும், ஒரே மலையில் வேலை செய்ய வேண்டும். "பாத்துச் சொல்லு" என்று ஒருவர் சொல்லிவிட்டுப் போவார். இன்னொருவர் காசோ போத்தலோ கொண்டு வருவார். சொந்தக்காரர் வந்து "நமக்குள்ள எதுக்கு" என்பார்கள்.

சாட்சியை மிரட்டுவது குற்றம். சாட்சியை மாற்றிச் சொல்ல வைக்கக் காசு கொடுப்பதும் குற்றம். சாட்சிகளையும் பாதிக்கப்பட்டவர்களையும் பாதுகாக்க 2015ஆம் ஆண்டில் 4ஆம் இலக்கச் சட்டம் வந்தது. 2023ஆம் ஆண்டில் அதன் இடத்துக்கு 10ஆம் இலக்கச் சட்டம் வந்திருக்கிறது. இதற்கென்று ஒரு தேசிய அதிகார சபையும் இருக்கிறது. மிரட்டினால் யார், எந்த நாள், என்ன சொன்னார் என்று எழுதி வையுங்கள். பொலிசில் முறைப்பாடு செய்யுங்கள். கோட்டில் நீதவானுக்கும் சொல்லலாம். எழுதத் தெரியாதவர்கள் எங்களிடம் வாருங்கள். நீங்கள் சொன்னபடியே எழுதித் தருவோம். இந்தத் தடவை ஒரு சொல்லும் கூட்ட மாட்டோம்.

சட்டத்தரணியிடம் கேட்கக் காசு இல்லாதவர்கள் சட்ட உதவி ஆணைக்குழுவுக்குப் போகலாம். அது 1978ஆம் ஆண்டின் 27ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் வந்தது. பல கோட்டுப் பட்டணங்களில் அதற்குக் காரியாலயம் இருக்கிறது.

பிள்ளைகள் சாட்சியாக வேண்டி வந்தால் பெற்றோர் கூடுதலாகக் கவனிக்க வேண்டும். பிள்ளையைத் திரும்பத் திரும்பக் கேட்டு நச்சரிக்காதீர்கள். சொல்லிக் கொடுக்காதீர்கள். சிறுவரின் சாட்சியத்தை வீடியோவில் பதிந்து எடுப்பதற்கு 1999ஆம் ஆண்டில் 32ஆம் இலக்கச் சட்டம் வந்திருக்கிறது. ஆகவே அதைப் பற்றிக் கேளுங்கள். பிள்ளைக்குக் கொடுமை நடந்தால் 1929 என்ற இலக்கத்துக்குப் போன் பண்ணலாம்.

மற்றவர்கள் செய்ய வேண்டியது

கடைசியாக, சாட்சி சொல்லப் போகாதவர்களுக்கு ஒரு வேண்டுகோள். உங்கள் லயத்தில் ஒருவர் கோட்டுக்குப் போகிறார் என்றால் அவரைப் பார்த்துச் சிரிக்காதீர்கள். "பெரிய சாட்சிக்காரி" என்று பட்டம் வைக்காதீர்கள். அன்றைக்கு அவருடைய பிள்ளையைப் பிள்ளை மடுவத்திலிருந்து கூட்டி வந்து வைத்திருங்கள். திரும்பி வரும்போது ஒரு வாய் தேத்தண்ணி ஊற்றிக் கொடுங்கள். என்ன சொன்னாய், என்ன கேட்டார்கள் என்று துருவிக் கேட்காதீர்கள். மாதர் சங்கத்தார் இரண்டு பேர் மாறி மாறிக் கூடப் போக முன்வந்தால், அதைவிடப் பெரிய உதவி வேறு இல்லை. இன்றைக்கே இரண்டு பெயர் கொடுத்தால் எழுதிக்கொள்வோம்.

ஆரம்பத்தில் ஒரு அக்காவைப் பற்றிச் சொன்னோமே, முந்தானையில் சமன்ஸ் முடிந்து வந்தவர். அவருக்கு வருகிற வியாழக்கிழமை தவணை. அவர் இந்த மண்டபத்தில்தான் இருக்கிறார். பெயர் சொல்லச் சொன்னார், நாங்கள் வேண்டாம் என்றோம். காலை ஐந்தேகால் பஸ்சில் போகிறார். நாங்கள் கூடப் போகிறோம். வேறு யார் வருகிறீர்கள்?